நீதிபதியின் சம்பளத்தை எங்கிருந்து அளப்பது?

மூன்று எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 9,000, 27,700, 77,840. முன்சீப் என்றும் மாஜிஸ்ட்ரேட் என்றும் ஊர் அழைக்கும் உரிமையியல் நீதிபதி, நீதித்துறையின் முதல் படிநிலையில் வேலைக்குச் சேரும்போது பெற வேண்டிய மாத அடிப்படைச் சம்பளம் இது. முதல் தொகை 1996 முதலும், இரண்டாவது 2006 முதலும், மூன்றாவது 2016 முதலும் கணக்கில் வந்தன. இருபது ஆண்டுகளில் தொகை எட்டரை மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது.

பக்கத்தில் இன்னும் மூன்று எண்களை எழுதுங்கள்: 26,000, 80,000, 2,25,000. அதே காலகட்டங்களில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வாங்கிய மாதச் சம்பளம் இது. முதல் வரிசையை இரண்டாம் வரிசையால் வகுத்துப் பாருங்கள். மூன்று முறையும் ஒரே விடை வரும்: நூற்றுக்கு 34.6.

அடுத்த படிநிலைக்கும் இதே கணக்கைப் போடலாம். சார்பு நீதிபதியின் தொடக்கச் சம்பளம் 12,850, பிறகு 39,530, பிறகு 1,11,000. உயர் நீதிமன்ற நீதிபதியின் சம்பளத்தில் இவை நூற்றுக்கு 49.4, 49.4, 49.3. மாவட்ட நீதிபதிக்கு 16,750, 51,550, 1,44,840. மூன்றுமே 64.4. மூன்று வெவ்வேறு குழுக்கள் மூன்று வெவ்வேறு விலைவாசிக் காலங்களில் உட்கார்ந்து போட்ட கணக்குகள் இவை. ரூபாய் ஓடிக்கொண்டே இருந்தது, விகிதம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

அரசியலமைப்பின் எந்தப் பிரிவிலும் இந்த விகிதம் எழுதப்படவில்லை. ஆனாலும் நம் வாழ்வுக்கு மிக அருகில் இருக்கும் நீதியை அது காத்துவருகிறது.

அருகிலிருக்கும் நீதி

தியாகராய நகரில் ஒரு கடைக்காரருக்கும் கட்டட உரிமையாளருக்கும் வாடகைத் தகராறு. அடையாறில் பைக் விபத்தில் கால் முறிந்தவர் நட்டஈடு கேட்கிறார். மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டிய பழைய வீட்டுக்கு அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் உயர் நீதிமன்ற நீதிபதிகளின் முன் போவதில்லை. வாடகையும் விபத்து நட்டஈடும் சிறுவழக்கு நீதிமன்றத்துக்குப் போகின்றன. பாகப்பிரிவினை போன்றவை 1892ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த நகர உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகின்றன. தென்சென்னையின் குற்ற வழக்குகள் பல சைதாப்பேட்டை நீதிமன்றங்களுக்குப் போகின்றன.

அங்கே நடப்பதில் மிகக் கனமான ஒன்றை மட்டும் சொல்கிறேன். காவல்துறை ஒருவரைக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்ட்ரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. அந்த மனிதரின் உடம்பில் காயம் இருக்கிறதா, ஏன் கைது செய்தார்கள் என்று அவருக்குச் சொன்னார்களா, வக்கீல் இருக்கிறாரா என்று மாஜிஸ்ட்ரேட் பார்க்க வேண்டும். சிறைக்கா வீட்டுக்கா என்று அந்த மேசையில்தான் முடிவாகிறது. ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் தனியாள். நடுவில் இருப்பவருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே அரசு.

கிரிமினல் வழக்குகளில் மட்டும் அரசு ஒரு தரப்பு என்று நினைத்துவிடக் கூடாது. நிலம் எடுப்பு, வரி, ஓய்வூதியம், ஒப்பந்தம் என்று நாட்டின் மிகப் பெரிய வழக்காளியே அரசுதான். தன் வழக்கைத் தீர்க்கப்போகிறவரின் சம்பளத்தை அந்த வழக்காளி தன் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் நிறுத்திவைக்கவும் முடியும் என்றால், தீர்ப்பு நேர்மையாகவே இருந்தாலும் தோற்றவர் அதை நம்பமாட்டார். நீதிபதிக்குச் சட்டம் ஒரு சம்பளத் தரையைப் போட வேண்டியிருப்பது இதனால்தான்.

ரூபாய்க்கு ஓர் அணா

நீதிபதிக்கு எப்படிக் கூலி கொடுப்பது என்பதில் மனித குலம் பலமுறை தடுமாறியிருக்கிறது. 1793இல் வங்காளத்தில் காரன்வாலிஸ் வகுத்த முறையில் முன்சீப்புகளுக்கு மாதச் சம்பளம் கிடையாது. வழக்கின் மதிப்பில் ரூபாய்க்கு ஓர் அணா அவர்களுக்குக் கட்டணமாகப் போனது. வழக்கு பெருகினால்தான் நீதிபதி வீட்டில் அடுப்பு எரியும். 1802இல் சென்னை மாகாணமும் வங்காள முறையை ஒட்டித் தன் நீதிமன்றங்களை அமைத்தது. தாமஸ் மன்றோவின் சீர்திருத்தத்தால் 1816இல் இங்கே மாவட்ட முன்சீப் என்ற பதவி உருவானது. இந்த மண்ணில் சாதாரண ஜனங்கள் அதிகம் பார்த்த நீதிபதி அவர்தான்.

கட்டண முறையின் ஆபத்தை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்று தெளிவாகக் காட்டியது. மதுவிலக்குக் காலத்தில் நார்த் காலேஜ் ஹில் என்ற ஊரின் மேயரே மது வழக்குகளுக்கு நீதிபதியாகவும் உட்கார்ந்தார். எதிராளி குற்றவாளி என்று தீர்ந்தால் மேயருக்கு வழக்குச் செலவு கிடைக்கும், விடுவித்தால் ஒன்றும் கிடைக்காது. டூமி என்பவருக்கு அவர் 100 டாலர் அபராதம் விதித்தார். அந்த வழக்கில் மேயருக்குச் சேர்ந்தது 12 டாலர். 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. தீர்ப்பால் தன் பைக்குப் பணம் வரும் ஒருவர் முன் நிறுத்தப்படுவதே முறையான விசாரணை ஆகாது என்றது. தொகை பன்னிரண்டே டாலர்தான் என்பதை அது சமாதானமாக ஏற்கவில்லை.

வழக்கிலிருந்து வரும் பணத்தை நிறுத்திவிட்டு அரசே சம்பளம் கொடுக்கலாம் என்றால் அடுத்த ஆபத்து வருகிறது. அரசனைப் பகைத்துக்கொண்ட நீதிபதியின் கதி என்ன? இங்கிலாந்து 1701இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றால் நீதிபதிகளின் பதவிக் காலத்தைக் காத்தது, அவர்களின் சம்பளம் நிர்ணயமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் குடியேற்ற நாடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. நீதிபதிகளின் பதவியும் சம்பளமும் தன் விருப்பத்தை நம்பியிருக்கும்படி மன்னர் செய்துவிட்டார் என்பது 1776இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனம் அடுக்கிய குற்றச்சாட்டுகளில் ஒன்று.

லஸ் சர்ச் சாலை காலத்து ஏற்பாடு

நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். வரைவுக்குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் இருந்தது. சென்னை வக்கீல் தொழிலின் உச்சியைத் தொட்டவர் அவர். நல்ல வக்கீல் சம்பாதிப்பதும் நீதிபதி வாங்குவதும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதை அவருக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

அந்தக் குழு வரைந்து நிறைவேறிய அரசியலமைப்பு உயர் நீதிமன்ற நீதிபதிக்குச் சம்பளத்தை இரண்டாம் அட்டவணையில் எண்ணாகவே எழுதியது: மாதம் 3,500 ரூபாய். பதவியேற்ற பிறகு படிகளையும் ஓய்வூதிய உரிமையையும் அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்றது 221ஆம் பிரிவு. அந்தச் சம்பளம் சட்டமன்றத்தின் வாக்கெடுப்புக்குப் போகாமல் மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து நேரடியாகப் போக வேண்டும் என்றது 202ஆம் பிரிவு. நிதி நெருக்கடி நிலையைக் குடியரசுத் தலைவர் அறிவித்தால் மட்டும் அதைக் குறைக்க 360ஆம் பிரிவு வழிவிடுகிறது. அப்படி ஒரு நிலை இந்தியாவில் ஒருமுறைகூட அறிவிக்கப்பட்டதில்லை.

இத்தனை கவனத்துக்கு நடுவிலும் இரண்டு குறைகள் தங்கிவிட்டன. முதலாவது, எண்ணை அப்படியே எழுதியது. 3,500 என்பது 1950இலிருந்து 1986 வரை மாறவே இல்லை. யாரும் அதைக் குறைக்கவில்லை, ஆனால் விலைவாசி ஆண்டுதோறும் அதை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் 54ஆம் திருத்தம் தொகையை 8,000 ஆக்கி, இனி நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று வழி செய்தது. எண்ணாக எழுதிய தரை மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கிவிடும் என்பது அந்த 36 ஆண்டுகள் தந்த பாடம்.

இரண்டாவது குறை பெரியது. உயர் நீதிமன்றத்துக்குக் கீழே உள்ள நீதிமன்றங்களைப் பற்றி 233 முதல் 237 வரையிலான பிரிவுகள் பேசுகின்றன. நியமனம் யார் கையில், கட்டுப்பாடு யார் கையில் என்று சொல்கின்றன. சம்பளம் பற்றி ஒரு வரியும் இல்லை. அது மாநில அரசு போடும் விதிகளுக்கு விடப்பட்டது. மேலே நூறு நூறாக இருப்பவர்களுக்கு அரண், கீழே ஆயிரக்கணக்கில் இருந்து நாட்டின் பெரும்பாலான வழக்குகளைத் தீர்ப்பவர்களுக்கு வெட்டவெளி.

1989ஆம் ஆண்டு மனு

அந்த வெட்டவெளியை அகில இந்திய நீதிபதிகள் சங்கம் 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தது. மனுவின் எண் 1022. இன்றும் கீழ்நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த மனுவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1991 நவம்பரில் வந்த முதல் தீர்ப்பு ஓய்வு வயதை 60 ஆக்கியது. குடியிருப்பு, வீட்டில் ஒரு சிறு சட்ட நூலகம், போக்குவரத்து வசதி, பயிற்சி ஆகியவற்றுக்கு வழிகாட்டியது. குடியிருப்பு ஏன் நீதியோடு சேர்ந்த விஷயம் என்பதை மயிலாப்பூரில் வாடகைக்கு வீடு தேடியவர்கள் உடனே உணர்வார்கள். இன்று வீட்டு உரிமையாளர், நாளை அவரே வழக்காளி. ஒரு நீதிபதி தன் ஊர்க்காரர்களுக்கு அந்த வகையில் கடன்பட்டிருக்கக் கூடாது.

அரசுகள் மறுபரிசீலனை கேட்டன. சம்பளம் நிர்வாகத்தின் வேலை, நீதிமன்றம் அதில் நுழையலாமா, மற்ற ஊழியர்களும் இதையே கேட்பார்களே என்பவை அவர்களின் வாதங்கள். 1993 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு அந்தக் கேள்வியின் வேருக்கே போனது. நீதிபதி அரசு ஊழியர் அல்லர், நாட்டின் இறையாண்மை அதிகாரத்தில் ஒரு பகுதியைச் செலுத்துகிறவர் என்றது. அவரை ஒப்பிட வேண்டியது அமைச்சரோடும் சட்டமன்ற உறுப்பினரோடும், அவர்களின் முடிவுகளை நிறைவேற்றும் அதிகாரிகளோடு அல்ல என்றது. அந்த வரிசை மாறியதும் நீதிபதிகளுக்குத் தனி ஊதியக் குழு வேண்டும் என்ற முடிவு தானாக வந்து நின்றது.

1996 மார்ச்சில் நீதிபதி கே. ஜெகந்நாத ஷெட்டி தலைமையில் முதல் தேசிய நீதித்துறை ஊதியக் குழு அமைந்தது. 1999 நவம்பரில் அறிக்கை வந்தது. 2002 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அதன் ஊதிய விகிதங்களை ஏற்று, 1996 ஜூலை முதல் கணக்கிட்டுக் கொடுக்கச் சொன்னது. 9,000 ரூபாய் என்ற முதல் எண் அங்கிருந்து வந்தது.

மேலிருந்து இறங்கிய நூல்

ஷெட்டி குழு போட்ட கணக்கின் அழகை இங்கேதான் பார்க்க வேண்டும். பொதுவாக ஊதியக் குழுக்கள் கீழிருந்து தொடங்கும். ஒரு குடும்பம் உண்ண, உடுக்க, குடியிருக்க எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு, அதன்மேல் பதவிகளை அடுக்கும். நீதிபதிகளுக்கான கணக்கு கொத்தனார் தூக்குக்குண்டை விடுவதுபோல மேலிருந்து இறங்குகிறது. உயர் நீதிமன்ற நீதிபதியின் சம்பளத்தை யாரும் எளிதில் தொட முடியாது. அந்த அசையாத புள்ளியிலிருந்து நூலைக் கீழே விட்டு, ஒவ்வொரு படிநிலையும் எங்கே நிற்க வேண்டும் என்று குறித்தார்கள்.

அப்போது உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 26,000. மாவட்ட நீதிபதி எட்டக்கூடிய உச்சம் 24,850 என்று வைத்தார்கள், மேலே உள்ளவரை நெருங்கலாம், தாண்டக் கூடாது என்பதற்காக. அந்த உச்சத்துக்கும் தொடக்கத்தின் 9,000க்கும் நடுவில் படிநிலைகள் அமைந்தன.

2009இல் நாடாளுமன்றம் உயர் நீதிமன்ற நீதிபதியின் சம்பளத்தை 2006 முதல் 80,000 ஆக்கியது. கீழ்நீதிமன்றங்களுக்குப் புதிய கணக்குப் போடும் பொறுப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற இ. பத்மநாபனிடம் வந்தது. 80,000ஐ 26,000ஆல் வகுத்தால் 3.077. அந்தப் பெருக்கியால் 9,000ஐப் பெருக்கி, முழுமையாக்கினால் 27,700. உச்சம் 76,450. 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

மூன்றாவது சுற்றுக்கு 2017இல் நீதிபதி பி. வெங்கடராம ரெட்டி தலைமையில் இரண்டாம் தேசிய நீதித்துறை ஊதியக் குழு அமைந்தது. கேரள உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ஆர். பசந்த் அதன் உறுப்பினர். அந்தக் குழு கணக்கை முடிப்பதற்குள் உயர் நீதிமன்ற நீதிபதியின் சம்பளம் 2016 முதல் 2,25,000 என்று ஆகியிருந்தது. 2,25,000ஐ 80,000ஆல் வகுத்தால் 2.81. அதனால் 27,700 என்பது 77,840 ஆனது. மாவட்ட நீதிபதியின் உச்சம் 2,24,100. மேலே உள்ள கூரைக்கும் அதற்கும் இடையே வெறும் 900 ரூபாய்.

2023 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கின் காரணத்தை விளக்கியது. இந்தியாவில் நீதித்துறை ஒன்றே, கீழிருந்து மேல்வரை ஒரே உடல், ஆகவே மேலே கூடும் அதே அளவில் கீழேயும் கூட வேண்டும் என்றது. தீர்ப்பளித்த மூவரில் ஒருவர் மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் படித்த நீதிபதி வி. ராமசுப்பிரமணியன்.

இது அதிகமா?

தமிழ்நாட்டில் நேரடியாக டெபுடி கலெக்டராகச் சேர்பவரின் அடிப்படைச் சம்பளம் 56,100. ஐ.ஏ.எஸ். அதிகாரியின் தொடக்கமும் அதுவே. முன்சீப்புக்கு ஏன் 77,840 என்று ஒரு நிதித்துறை அதிகாரி கேட்டால் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. மாநிலத்தின் பணம் வரையறுக்கப்பட்டது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டியதும் அதிலிருந்துதான்.

என் பதில் இது. அதிகாரி ஏறக்கூடிய ஏணி மிக நீளமானது, நீதிபதியின் ஏணியில் படிகள் குறைவு. நீதிபதி ஊரில் நண்பர்களைச் சேர்த்துக்கொள்ள முடியாது. வேறு தொழிலோ பக்க வருமானமோ அவருக்கு இருக்கக் கூடாது. அவரோடு சட்டக் கல்லூரியில் படித்தவர்கள் அடையாறிலும் ஆழ்வார்பேட்டையிலும் வக்கீல் அலுவலகம் வைத்து அவரைவிடப் பன்மடங்கு சம்பாதிக்கும்போது அவர் அந்த வருமானத்தை விட்டுவிட்டு வருகிறார். 2025 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு, மூன்று ஆண்டுகள் வக்கீலாகத் தொழில் செய்தவர்களே முதல் படிநிலைத் தேர்வு எழுத முடியும். அதாவது, கட்சிக்காரர்களைப் பெற்று, வருமானத்தின் ருசியை அறிந்த பிறகு அதை விட்டு வரச் சொல்கிறோம். தொடக்கச் சம்பளம் மிகக் குறைவாக இருந்தால் சொத்துள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே நீதிபதி ஆக முடியும். மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்கருக்கு உதவியாளராக வாழ்க்கையைத் தொடங்கிய முத்துசாமி ஐயர்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். அப்படிப்பட்ட இன்னொரு பையனுக்கும் பெண்ணுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்றால், அந்தக் கதவின் பெயர் தொடக்கச் சம்பளம்.

இந்தச் சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதும் அல்ல. 1990களில் கனடாவின் சில மாகாணங்கள் செலவைக் குறைக்க மாகாண நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளத்தையும் வெட்டின. 1997இல் கனடா உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு முறையை விதித்தது. சம்பளத்தைக் கூட்டுவதானாலும் குறைப்பதானாலும் சுதந்திரமான ஒரு குழுவின் முன் அது போயே ஆக வேண்டும். குழு சொன்னதை அரசு மறுத்தால் அதற்கான காரணத்தை எழுதித் தர வேண்டும், அந்தக் காரணத்தை நீதிமன்றம் சோதிக்கலாம். சம்பளத்தைப் பற்றி நீதிபதியும் அமைச்சரும் நேருக்கு நேர் பேரம் பேசும் நிலை வரவே கூடாது என்பதுதான் அதன் சாரம்.

தரை இருக்கிறது, நேரத்துக்கு வருவதில்லை

அந்தப் பேரம் நம் நாட்டில் இன்னும் ஓயவில்லை. 2016 ஜனவரிக்கு உரிய சம்பளத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது 2022 ஜூலை 27 அன்று. நிலுவையில் கால் பங்கு மூன்று மாதத்தில், இன்னொரு கால் பங்கு அடுத்த மூன்று மாதத்தில், மீதிப் பாதி 2023 ஜூன் முடிவதற்குள் என்று தவணை சொல்ல வேண்டியிருந்தது. ஏழரை ஆண்டுகள். இடையில் ஓய்வுபெற்றவர்களும் உண்டு. 2024 ஜனவரியில் படிகளைப் பற்றிய தீர்ப்பு வந்த பிறகும் பல மாநிலங்கள் நிறைவேற்றவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் தலைமைச் செயலாளர்களையும் நிதிச் செயலாளர்களையும் உச்ச நீதிமன்றம் நேரில் வரவழைத்தது. நிதிச்சுமை என்பது ஒரு காரணமாக முடியாது என்று நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகும் இந்த நிலை.

மாஜிஸ்ட்ரேட்டின் சம்பளக் கோப்பு அரசின் மேசையில் தூங்கும் ஒவ்வொரு மாதமும் அவர் முன்னால் அரசின் வழக்குகள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலோர் அசையாமல் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். ஆனால் நீதியை மனிதர்களின் மன உறுதியை நம்பி மட்டும் விட்டுவிடக் கூடாது என்பதற்குத்தான் சட்டம் இருக்கிறது.

எட்டாவது மத்திய ஊதியக் குழு 2025இல் அறிவிக்கப்பட்டது. இதற்கு முந்தைய மூன்று மத்திய ஊதியக் குழுக்களுக்குப் பிறகும் உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் மாறியிருக்கிறது. இம்முறையும் மாறினால் கீழே மீண்டும் ஒரு குழு, மீண்டும் ஒரு மனு, மீண்டும் நிலுவை என்று பத்தாண்டு போக வேண்டியதில்லை. விடை ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளச் சட்டம் 1954இலிருந்து புத்தகத்தில் இருக்கிறது. அதன் தொகை மாறும் அதே நாளில் உரிமையியல் நீதிபதி, சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி மூவரின் தொடக்கச் சம்பளமும் அதே விகிதத்தில் மாறும் என்று ஒரு சட்டம் போதும். மூன்று குழுக்கள் இருபது ஆண்டுகளில் ஒன்றுபோலக் கண்டடைந்த கணக்கை நாடாளுமன்றமும் சட்டமன்றமும் எழுதி உறுதிசெய்தால் போதும். அதன்பிறகு சம்பளத்துக்காக எந்த நீதிபதியும் எந்த அரசிடமும் மனுக் கொடுக்க வேண்டியிருக்காது. சைதாப்பேட்டையில் 24 மணி நேரத்துக்குள் கொண்டுவரப்படும் மனிதருக்கு, தன்முன் இருப்பவர் யாருக்கும் கடன்படாதவர் என்ற உறுதியும் கிடைக்கும்.